உன் பேக்கப் ஸ்கிரிப்டை இன்னைக்கே திறந்து பாரு

மாப்ள,

ரொம்ப நாளா எழுதல, திட்டாத. அம்மா முட்டிவலி இப்ப எப்படி இருக்கு, படி ஏறி இறங்க முடியுதா? இங்க எல்லாரும் சவுக்கியம். மொட்டைக்கு ரெண்டாவதும் பொண்ணு, ட்ரீட்டை வழக்கம்போல நாமதான் கேட்டு வாங்கணும்.

விஷயம் வேற. எங்க ஆபீஸ்ல சர்வரை சென்ட்ஓஎஸ்ங்கிற லினக்ஸ்ல இருந்து டெபியன் லினக்ஸுக்கு மாத்தினாங்க, பேக்கப் ஸ்கிரிப்ட் அதேதான், ஒரு எழுத்து மாறல, தினம் ராத்திரி ஓடுது, காலைல லாக் பாத்தா எல்லாம் ஓகே. திடீர்னு ஒருநாள் பழைய டேட்டா கேட்டாங்க. போய் பாத்தா ஃபைலெல்லாம் வரிசையா நிக்குது, தேதியெல்லாம் சரி, சைஸ் மட்டும் 0 பைட். வயித்தக் கலக்கிடுச்சு டா.

புது மெஷின்ல, பேக்கப்பை சுருக்கற டூல் இசட்எஸ்டிடி இன்ஸ்டாலே ஆகல. சரி, இருக்கான்னு ஸ்கிரிப்ட் முதல்லயே செக் பண்ணுதேங்கிறியா, அந்த செக்தான் வினையே. இஃப் போட்டு விச் இசட்எஸ்டிடி (விச்ங்கிறது டூல் எங்க இருக்குன்னு தேடற கமாண்ட்), அடுத்து ஆம்பர்சேண்டும் கிரேட்டர்தேனும் ஒட்டி டெவ் நல், அதாவது வர்றதையெல்லாம் விழுங்கற குப்பைத்தொட்டி. பேஷ்ங்கிற ஷெல்ல, அதாவது கமாண்டைப் படிச்சு ஓட்டற ப்ரோக்ராம்ல, இதுக்கு அர்த்தம் அவுட்புட்டையும் எரரையும் தூக்கிப்போடுங்கிறது. சென்ட்ஓஎஸ்ல ஷெல்லை எஸ்ஹெச்னு பொதுப்பேர்ல கூப்பிட்டாலும் வர்றது பேஷ்தான், டெபியன்ல வர்றது டேஷ்ங்கிற வேற ஷெல். அது ஆம்பர்சேண்டோட நிறுத்தி விச்சை பேக்கிரவுண்டுக்கு அனுப்பிடுது, மீதி இருக்கற ரீடைரக்‌ஷன் தனி கமாண்டா ஓடி எப்பவும் சக்சஸ்னு சொல்லுது. அப்ப எந்த ப்ரோக்ராமைக் கேட்டாலும் இருக்குன்னுதான் பதில் வரும்! போன தடவை நீ அனுப்பின ஸ்கிரிப்ட்ல அச்சா இதே வரி இருக்கு, நீ ஓட்டறது உபுண்டு வேற, அங்க 2006லயே, 6.10 வந்தப்பவே, எஸ்ஹெச்ங்கிறது டேஷ் ஆயிடுச்சு.

விச்சையே விட்டுடு டா. அது போசிக்ஸ்ல, அதாவது யூனிக்ஸ் வகை சிஸ்டத்துக்கான பொது ஸ்டாண்டர்ட்ல, கிடையாது, தனி ப்ரோக்ராம், சின்ன கன்டெய்னர் இமேஜ்ல அதுவே இல்லாம போகலாம், அப்ப இருக்கற டூலையும் இல்லைன்னு முடிவு பண்ணிடுவ. பழைய சோலாரிஸ்ங்கிற யூனிக்ஸ்ல அது ஒரு சி ஷெல் ஸ்கிரிப்ட், டூல் கிடைக்கலன்னாலும் எக்ஸிட் ஸ்டேட்டஸ் 0 தான், அதாவது சக்சஸ்னுதான் குடுக்கும். கமாண்ட் மைனஸ் வி போடு. 2008 போசிக்ஸ்ல இருந்து கட்டாயம், ஷெல்லுக்குள்ளயே இருக்கு. வாயடைக்க முதல்ல கிரேட்டர்தேன் டெவ் நல், அப்புறம் எரர் போற 2ஐ அவுட்புட் போற 1க்கு திருப்பு, போசிக்ஸ் வழி நடக்கற எந்த ஷெல்லும் தப்பா படிக்காது. ஒண்ணு மட்டும் கவனி, ஃபங்ஷன், பில்ட்இன் பேர் குடுத்தாலும் அது இருக்குன்னுதான் சொல்லும், நிஜ ஃபைல்தான் வேணும்னா வர்ற பதில் ஸ்லாஷ்ல ஆரம்பிக்குதான்னு பாத்துக்கோ.

கிரான்ல, அதாவது நேரம் வச்சு தானா ஓட்டற சர்வீஸ்ல, ஓடறதா இருந்தா பாத், அதாவது டூலைத் தேடற ஃபோல்டர் லிஸ்ட், ரொம்ப குட்டியா இருக்கும், உன் டெர்மினல்ல கிடைக்கற டூல் அங்க கிடைக்காது, அதனால ஸ்கிரிப்ட் தலையிலயே பாத்தை நீயே செட் பண்ணு. மேக்லயும் ஓட்டறேன்னியே, அங்க டெக்ஸ்ட் மாத்தற டூல் செட் (sed) இருக்கு, ஆனா மைனஸ் ஐக்கு பின்னாடி இன்னொரு ஆர்க்யூமென்ட் எதிர்பார்க்கும், பேர் இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் பத்தாது. தேவைப்படற டூலையெல்லாம் முதல்லயே ஒரு லூப்ல செக் பண்ணி, ஒண்ணு இல்லன்னாலும் பேரைச் சொல்லிட்டு அங்கயே எக்ஸிட் ஆகற மாதிரி எழுது, பாதி வேலை நடந்தப்புறம் கமாண்ட் கிடைக்கலங்கற 127னு வந்து நின்னா யாருக்கு என்ன பிரயோஜனம்.

உங்க கிளினிக் பேஷன்ட் ரெக்கார்டெல்லாம் அந்த ஒரு ஸ்கிரிப்டை நம்பித்தானே இருக்கு, எனக்கு அதுதான் டா பயமா இருக்கு. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், இப்ப போய் கடைசி பேக்கப் ஃபைலோட சைஸைப் பாத்துட்டு எனக்கு ஒரு கால் பண்ணு, நடுராத்திரி ஆனாலும் எடுக்கறேன்.