ஞாயிறு போட்டோ ஷோ போறவங்க இதை படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலைல 11 மணி, கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி வாசல்ல மீட் பண்றோம், லேட்டா வர்றவங்க நேரா உள்ள வந்துடுங்க, வெயில்ல காத்துட்டு நிக்க முடியாது.

வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹோம்வொர்க். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் சைட்ல லின்னேயஸ் ட்ரைப்னு தேடுங்க, 1858ல நம்ம மதுரை, தஞ்சாவூர் எல்லாம் எடுத்த ஆளு. மெழுகு தடவின பேப்பர் நெகட்டிவ், அதுல வானம் வெறும் வெள்ளையா வந்துடும்னு நெகட்டிவ் மேல பிரஷ்ல மேகம் வரைஞ்சிருக்காரு (அப்பவே ஃபோட்டோஷாப்!). ஜூம் பண்ணி வானத்தை மட்டும் பாருங்க, கண்டுபிடிக்கிறீங்களான்னு பாப்போம். கம்ப்யூட்டர்ல பாத்தா நல்லது, இல்லன்னா போனை படுக்க வச்சாவது பாருங்க.

ஆனா அதே ஆளு பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 பிரிண்டா எடுத்து ஒட்டி கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு பண்ணிருக்காரு, அதை போன்ல பாத்தா ஒரு பட்டை கோடு மாதிரிதான் தெரியும், நேர்ல இருந்தா பக்கத்துலயே நடந்துட்டே படிக்கணும். அதனாலதான் ஷோவுக்கு வாங்கன்னு கெஞ்சுறேன்.

உள்ள போனதும் செல்ஃபி அப்புறம். முதல்ல தள்ளி நின்னு பாருங்க, அப்புறம் மூக்கு கண்ணாடில இடிக்காத அளவுக்கு கிட்ட போய் பேப்பரை பாருங்க. ஃபிளாஷ் வேணவே வேணாம், போன தடவை வாங்கின திட்டு போதும். வர்றவங்க 👍 போடுங்க.