மூடிய நிலையங்களைக் கணக்கிலிருந்து அடிக்காதீர்கள்

உள்நாட்டு விமான நிலையங்களை எண்ணிவரும் என் சக பயணிகளுக்கு,

வணக்கம். போன மாதம் நம் பட்டியல்களை எல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவந்தோம். ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். அவரவர் நாட்டுக்குள் எத்தனை விமான நிலையங்களுக்குப் போயிருக்கிறோம் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும் என்று பேசினோம். இன்று இயங்குகிற நிலையங்கள் மட்டும், மூன்றெழுத்துக் குறியீட்டின்படி, ஒரு குறியீட்டுக்கு ஒன்று என்று முடிவானது. கேட்கச் சுலபமாக இருந்தது, நானும் தலையாட்டினேன். முடிவு நடைமுறைக்கு வந்த அன்றே நம்மில் மூத்தவரின் பட்டியலில் ஐந்து வரிகள் காணாமல் போயின. அவர் சண்டை போடவில்லை. "பரவாயில்லப்பா, விடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார். எனக்குத்தான் அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

நாட்டில் இன்று எத்தனை நிலையங்கள் திறந்திருக்கின்றன என்று எண்ணுவது விமானப் போக்குவரத்துத் துறையின் வேலை. நாம் எண்ணுவது நாம் போய்வந்ததை. போய்வந்தது போய்வந்ததுதான். அந்த இடத்துக்குப் பிறகு என்ன ஆனாலும் நாம் அங்கே போனது இல்லை என்று ஆகிவிடாது.

முதலில் இந்தக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். ஐயாட்டா என்ற பன்னாட்டு விமான நிறுவனங்களின் சங்கம் கொடுக்கும் மூன்றெழுத்து ஒரு நிலையத்தோடு கட்டிப்போட்டது மாதிரி நாம் நடந்துகொள்கிறோம். அது அப்படி இல்லை. 1992 மே மாதத்தில் மியூனிக்கின் பழைய ரீம் நிலையத்தை மூடினார்கள். ஒரே இரவில் சாமான்களை எல்லாம் லாரிகளில் ஏற்றி, ஊருக்கு வடகிழக்கே கட்டியிருந்த புது நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எம்.யூ.சி. என்ற குறியீடும் கூடவே போனது. டென்வரில் 1995 பிப்ரவரியில் ஸ்டேபிள்டன் நிலையம் மூடியது. டி.இ.என். என்ற எழுத்துகள் பல மைல் தள்ளி, கூடாரம் மாதிரி வெள்ளைக் கூரை போட்ட இன்றைய நிலையத்துக்குக் குடிபெயர்ந்தன. ஜப்பானின் இஷிகாகித் தீவில் 2013 மார்ச்சில் இதே கதை. பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் 2008இல் பழைய நிலையத்திலிருந்து புதியதற்கு மாறினார்கள். குறியீடும் புதியதற்கே போனது.

இப்போது நம் விதியை வைத்துப் பாருங்கள். 1990இல் ஸ்டேபிள்டனில் இறங்கியவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணால் கூடப் பார்க்காத வெள்ளைக் கூரை நிலையத்துக்குப் போய்வந்தவர் என்று நம் பட்டியல் சொல்கிறது. இரண்டுக்கும் போனவருக்கோ ஒன்றுதான் கிடைக்கிறது. இஸ்தான்புல்லில் இன்னும் மோசம். 2019 ஏப்ரலில் பழைய அத்தாத்துர்க் நிலையத்திலிருந்து பயணிகள் விமானங்கள் எல்லாம் புது நிலையத்துக்கு மாறின. ஐ.எஸ்.டி. என்பது புதியதற்குப் போனது. பழையதற்கு ஐ.எஸ்.எல். என்று வேறு எழுத்துகள் வந்தன. 2015இல் அங்காராவிலிருந்து பறந்துபோய் அத்தாத்துர்க்கில் இறங்கியவரின் டிக்கெட்டில் ஐ.எஸ்.டி. என்றுதான் இருக்கும். அதை நம்பி நாம் எழுதினால், அன்று திறக்கவே திறக்காத ஒரு நிலையத்தில் அவர் இறங்கினார் என்று ஆகும். எழுதுகிற நமக்கே கூச்சமாக இருக்க வேண்டாமா?

எதிர்ப்பக்கமும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பாசல், பிரான்ஸின் முலூஸ், ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் மூன்று ஊர்களுக்கும் பொதுவான நிலையத்துக்கு பி.எஸ்.எல்., எம்.எல்.எச்., இ.ஏ.பி. என்று மூன்று குறியீடுகள். நிலையம் ஒன்றேதான், இருப்பது பிரான்ஸ் மண்ணில். குறியீட்டுக்கு ஒன்று என்றால் ஒரே தடவை இறங்கியவர் மூன்று போட்டுக்கொள்ளலாம். (சுவிஸ் நண்பர் இதைத் தன் உள்நாட்டுக் கணக்கில் வைத்திருக்கிறார். அங்கே சுவிட்சர்லாந்து பக்கத்துக்குத் தனி வாசல் இருப்பது தெரியும். ஆனாலும் நிலம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் வர வேண்டும் என்பது என் கருத்து. அதை அவரோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன்.)

அதனால் குறியீட்டை ஒரு தகவலாகப் பக்கத்தில் எழுதிவைப்போம். எண்ண வேண்டியது இடத்தை.

இடத்தை எண்ணுவது என்று வந்துவிட்டால், மூடிய இடத்தை என்ன செய்வது? பெர்லினின் டெம்பெல்ஹோஃப் 2008 அக்டோபர் கடைசியில் மூடியது. 2010இலிருந்து அதன் ஓடுபாதையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பட்டம் விடுகிறார்கள். அதே ஊரின் டீகல் நிலையம் 2020 நவம்பரில் மூடியது. சிகாகோவின் ஏரிக்கரையில் மெய்க்ஸ் என்று ஒரு சின்ன நிலையம் இருந்தது. 2003 மார்ச் 30ஆம் தேதி இரவு, மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவின் பேரில் புல்டோசர்கள் வந்து, ஓடுபாதை நடுவில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகத் தோண்டிப்போட்டன. விடிந்தபோது அங்கே நிறுத்தியிருந்த விமானங்கள் எப்படிப் புறப்படுவது என்று தெரியாமல் நின்றன. அதற்கு முந்தின வாரம் அங்கே இறங்கிய பயணியின் பயணத்தை அந்தப் பெருக்கல் குறி அழித்துவிட்டதா? ஓடுபாதையில்தானே கோடு போட்டார்கள். நம் நோட்டுப் புத்தகத்தில் நாம் ஏன் போட வேண்டும்?

என் பட்டியலின் முதல் வரியே இன்று இல்லாத ஒரு நிலையம்தான். எனக்கு ஒன்பது வயது. அறை என்று சொல்லலாம், கூடம் என்று சொன்னால் அதிகம். ஓரத்தில் முள் வைத்த பெரிய தராசு ஒன்று. பெட்டிகளை நிறுத்தவர், அப்புறம் எங்களையும் ஒவ்வொருவராக ஏறச் சொன்னார். சின்ன விமானம் என்பதால் ஆளின் எடையும் கணக்கில் சேரும். அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினாள். "பையோட ஏறுங்கம்மா, பையும் கூடத்தானே வருது" என்றார் அவர். நான் ஏறியதும் முள் ஆடி நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். புறப்படும் நேரத்தைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அழித்து அழித்து எழுதியதில் பலகை முழுக்க வெள்ளையாக இருந்தது. அவர் கொடுத்த போர்டிங் பாஸ் கெட்டி அட்டை. கிழித்துக்கொண்டது போக மிச்சத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, பேனா எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. பிறகு வந்த வழவழப்புத் தாள் பாஸ்களோ இரண்டு வருஷத்தில் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன.

நம் புது விதிப்படி அந்த வரி இல்லை. நான் எண்ண ஆரம்பித்ததே அதிலிருந்துதான்.

போய்வந்தது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறவன், போகாததைப் போனதாகச் சொல்லக் கூடாது. இதையும் பேசிவிட வேண்டும். வழியில் இறங்கி ஏறும் விமானங்களில் இந்தச் சிக்கல் வருகிறது. அமெரிக்காவில் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் போகும் வழியில் கெட்சிக்கன், ராங்கல், பீட்டர்ஸ்பர்க், ஜூனோ என்று நின்று நின்று போகும் சேவையை 'பால்காரர் ஓட்டம்' என்றே அங்கே சொல்கிறார்கள். கடைசிவரை போகிறவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்து நான்கையும் கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்கலாம் என்று நம்மில் பாதிப் பேர் சொல்கிறீர்கள். சக்கரம் தரையைத் தொட்டது என்பது உங்கள் வாதம்.

எனக்கும் அப்படி ஒரு வரி இருந்தது. ஜன்னல் சீட், மழை விட்ட நேரம். கதவைத் திறந்ததும் ஈர மண் வாசனை உள்ளே வந்தது. காதில் கவசம் மாட்டிய ஊழியர் ஒருவர் இறக்கையின் நிழலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நிலையத்தின் பெயர்ப்பலகை, ஓர் எழுத்து உதிர்ந்திருந்தது. நான்கு பேர் இறங்கினார்கள், ஆறு பேர் ஏறினார்கள், கதவை மூடினார்கள். அரை மணி நேரம் அவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்தும், அங்கே போயிருக்கிறாயா என்று யாராவது கேட்டால் வாய் வரவில்லை. பார்த்திருக்கிறேன் என்று சொல்வேன். போயிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

கால் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குள் போகத் தேவையில்லை, டெர்மினலில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தால் போதும். தூரமும் முக்கியமில்லை. ஸ்காட்லாந்தில் வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர்தான், கால அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று சாதகமாக இருந்தபோது 53 விநாடியில் முடிந்திருக்கிறது. ஏறியவர் இரண்டு நிலையங்களையும் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். ஸ்காட்லாந்தின் இன்னொரு தீவான பாராவில் விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குகிறது, அலை ஏறினால் ஓடுபாதை தண்ணீருக்குள் போய்விடும், கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். படியிறங்கினால் செருப்புக்கடியில் மணல். கால் வைத்தேன் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

எண்ணிக்கையை வைத்து யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானில் 97 நிலையங்கள். ஐந்தாறு மட்டுமே உள்ள நாட்டில் இருப்பவரை அந்த நாட்டுக்காரரோடு ஒரே வரிசையில் நிறுத்துவதில் அர்த்தமில்லை. அதை விட்டுவிடலாம்.

பழைய நிலையங்களுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. சரி, இன்றைய நிலையங்களுக்கு மட்டும் யாரிடம் ஆதாரம் கேட்டோம்? ஒருவர் சொன்னார், நாம் நம்பினோம். அந்த நம்பிக்கை மூத்தவரிடம் மட்டும் ஏன் சுருங்க வேண்டும்? அவர் அந்த ஐந்து நிலையங்களைப் பற்றியும் பேசிக் கேட்டிருக்கிறீர்கள். எந்த ஓடுபாதைக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருந்தது, எங்கே மாடு குறுக்கே வந்து விமானம் மறுபடி மேலே எழும்பியது என்றெல்லாம் சொல்வார். இன்று வரைபடத்தில் தேடினால் அந்த இடங்களில் வீடுகள்தான் இருக்கின்றன. அங்கே ஒரு விமான நிலையம் இருந்ததைச் சொல்ல அவரைப் போன்றவர்கள்தான் மிச்சம்.

அடுத்த ஒப்பீட்டுக்கு முன் விதியைத் திருத்துங்கள். இடத்துக்கு ஒரு வரி. பழையதும் புதியதும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இரண்டு வரி. மூடியிருந்தால் பக்கத்தில் மூடிய வருஷம். கால் வைக்காதது வேண்டாம். இந்த விதியின்படி என் பட்டியலிலிருந்து இரண்டு போகின்றன. அந்த மழைக்கால நிலையத்தையும் இன்னொன்றையும் நேற்று ராத்திரியே நான் அடித்துவிட்டேன். மூத்தவரின் ஐந்து வரிகளைத் திரும்ப எழுதிவிட்டு, அவருக்கு நீங்களே போன் செய்து சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்