டவர எடுக்கச் சொல்லல, எங்க முன்னாடி அளந்து காட்டச் சொல்றோம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தேனி மாவட்டம்

பொருள்: வீடுகளுக்கு நடுவுல இருக்குற செல்போன் டவரோட கதிர்வீச்ச மக்கள் முன்னாடி அளந்து, முடிவ தமிழ்ல எழுதி ஒட்டச் சொல்லி மனு

ஐயா வணக்கம்,

நான் ஒரு பேரூராட்சில டெய்லர் கடை வச்சிருக்கேன். எங்க தெருவுல மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு வீட்டு மொட்டமாடில டவர் போட்டாங்க, எங்க மாடில ஏறி நின்னா அந்த ஆன்டெனா நேரா தெரியும், அடுத்த சந்துல அங்கன்வாடி. போன வருசம் எதுத்த வீட்டு அக்காவுக்கு மூளைல கட்டின்னு மதுரைக்கு கூட்டிட்டுப் போனாங்க, அன்னைல இருந்து தெருவே அந்த டவரப் பாத்து பயந்து கெடக்கு. வத்தல் காயப்போடக்கூட யாரும் மாடி ஏறுறதில்ல, மாசமா இருக்குற பிள்ளைங்கள ஏழாம் மாசம் வரைக்கும் காத்திருக்காம அம்மா வீட்டுக்கு அனுப்பிடுறாங்க, வாடகைக்கு இருந்த ரெண்டு குடும்பம் காலி பண்ணிட்டுப் போயிருச்சு.

டவர எடுக்கணும்னு முன்னாடி ஒரு மனு குடுத்தோம், அதுல நானும் கையெழுத்து போட்டேன். ஒரு ஆபீஸ்ல கேட்டா அடுத்த ஆபீஸ்னாங்க, டவர் வேலைக்கு வந்தவங்ககிட்ட கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா"ன்னு ஏணிய தூக்கிட்டு கெளம்பிட்டாங்க. ஒண்ணும் பண்ணாதுன்னா அத எங்களுக்குப் புரியுற மாதிரி ஒருத்தராவது ஒக்காந்து சொல்லணும்ல ஐயா.

அதுக்கப்புறம் எம் பொண்ண பக்கத்துல வச்சுக்கிட்டு நானே தேடிப் படிச்சேன். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011ல இந்த ரேடியோ கதிர்வீச்ச 2பி வகைல சேத்தாங்க, புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கலாம், ஆனா ஆதாரம் பத்தலன்னு அர்த்தம். வாட்ஸ்அப்ல இத மட்டும் வெட்டி எடுத்து "உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சு"ன்னு சுத்த விடுறாங்க, அதே 2பி லிஸ்ட்ல கத்தாழையோட முழு இலைச் சாறும் இருக்குன்னு எவனும் சொல்றதில்ல. அப்புறம் 2024ல அதே நிறுவனம் கேட்டு செஞ்ச ஆய்வுல, 1994ல இருந்து 2022 வரைக்கும் வந்த 63 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்து, பத்து வருசத்துக்கு மேல போன் பேசுறவங்களுக்கும் மூளைப் புற்றுநோய் கூடலன்னு சொல்லிருக்காங்க. எக்ஸ்ரே மாதிரி உடம்புல இருக்குற மரபணுவ ஒடைக்கிற சக்தி இதுக்கு கெடையாது, அளவுக்கு மீறுனா சூடு ஏத்தும், அதுக்குத்தான் லிமிட்டே வச்சிருக்காங்க.

இன்னொண்ணு படிச்சப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. தூரத்துல இருக்குற டவர விட காதுல ஒட்டி வச்சிருக்குற போன்ல இருந்து தான் நமக்கு கூட வருது, அதுலயும் சிக்னல் கம்மியா இருந்தா போன் இன்னும் முக்கி முக்கி பவர கூட்டி அனுப்பும். அப்ப டவர தூக்கிட்டா எங்க பயம் போயிரும், ஆனா கையில இருக்குற போன் அதிகமா வேல செய்யும். அதனால தான் எடுங்கன்னு இந்த மனுவுல கேக்கல.

நம்ம நாட்டுல 2012 செப்டம்பர் 1ல இருந்து டவருக்கான லிமிட், உலக அளவுல சொன்னதுல பத்துல ஒரு பங்கு தான், 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.45 வாட். நல்ல சட்டம். ஆனா எங்க தெரு டவர் அதுக்குள்ள இருக்கான்னு எங்க யார் கண்ணுக்கும் தெரியாது. தரங் சஞ்சார்னு மத்திய அரசு வெப்சைட்ல 4000 ரூபா கட்டுனா வந்து அளப்பாங்களாம், கூலி வேலைக்குப் போற வீட்டுல 4000 ரூபாய எங்க போயி பொரட்டுறது ஐயா, பணம் இருந்தாலும் அதுல போயி பதியத் தெரிஞ்சவங்க எங்க தெருவுல எத்தன பேரு.

2013ல மத்திய தொலைத்தொடர்புத் துறை அனுப்புன வழிகாட்டுதல்ல, டவர் சம்பந்தமான மக்கள் குறைய கேக்க கலெக்டர் தலைமைல மாவட்டக் கமிட்டி இருக்கணும்னு சொல்லிருக்கு. அந்தக் கமிட்டி மூலமா அந்தத் துறை ஆளுங்கள மீட்டரோட வரச் சொல்லுங்க. முதல் நாளே ஆட்டோல மைக் வச்சு சொல்லிட்டு, எல்லாரும் போன் பாக்குற சாயங்கால நேரத்துல, எங்க மாடிலயும் அங்கன்வாடி உள்ளேயும் அந்த அக்கா வீட்டுலயும் எங்க கண்ணு முன்னாடி அளக்கணும், காச அரசே ஏத்துக்கணும். வந்த அளவு இவ்வளவு, லிமிட் இவ்வளவுன்னு தமிழ்ல எழுதி பேரூராட்சி போர்டுல ஒட்டணும். கூட இருந்தா நடவடிக்கை எடுங்க. கம்மியா இருந்தா ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர கூட்டிட்டு வந்து தெருவுல ஒக்கார வச்சு பேசச் சொல்லுங்க, நாங்க கேப்போம். பின்னாடி புதுசா ஆன்டெனா மாட்டுனாலும் திரும்ப அளக்கணும்.

அப்படியே அங்கன்வாடிக்கு வர்ற அம்மாங்ககிட்டயும் ரெண்டு வார்த்த சொல்லச் சொல்லுங்க. *#07# போட்டா போனோட சார் அளவு, அதாவது போன் கதிர்வீச்ச நம்ம உடம்பு எவ்வளவு உறிஞ்சுதுங்குற அளவு, நெறைய போன்ல தெரியும், அது ஒரு கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல போகக் கூடாது, ரொம்ப நேரம் பேசுனா ஸ்பீக்கர்ல போடணும், பச்சப்புள்ள தலமாட்டுல போன வச்சு தூங்கக் கூடாது.

தெருக்காரங்க 64 பேரோட கையெழுத்து இதோட இருக்கு. எதுத்த வீட்டு அக்கா கை நடுங்குதுன்னு ரேகை வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
தெரு மக்கள் சார்பா டெய்லர் கடைக்காரம்மா