மீதிக் கதை

இராயபுரம்,
கத்திரி தொடங்கி ஐந்தாம் நாள்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நாலு தடவை "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் தாளில் எழுதி, அக்கா பையனை விட்டுப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கு ரூல் போட்ட தாள் பத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, வியட்நாமில் நீ இங்கிலீஷ் பாடம் எடுக்கிற வேலையைப் பற்றிப் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "இன்னும் மூணு வாரம்தாம்மா, அப்புறம் கெளம்பிடுவேன். பசங்களுக்குத் தெரியாது. கடைசி நாள் வரைக்கும் சொல்ல வேணாம்னு சென்டர்ல சொல்லிட்டாங்க." சொன்ன கையோடு ஹனோய் ரயில், டா நாங், சைகோன், கம்போடியாவின் அங்கோர் வாட் என்று ஊர்ப்பேராக அடுக்கிக்கொண்டே போனாய். அப்பா ஊர்களைக் கேட்டுக்கொண்டார். எனக்கு அந்த முதல் வரியைத் தாண்டி ஒன்றும் காதில் ஏறவில்லை.

சென்டர்காரர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. வாத்தியார் போகிறார் என்று தெரிந்தால் அப்பா அம்மா கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், வேறு சென்டருக்கு மாற்றுவார்கள். கடை நடத்துகிறவர்கள் கடைக் கணக்கைப் பார்க்கத்தான் செய்வார்கள். நீ பிள்ளைகள் கணக்கைப் பார்க்க வேண்டாமா?

ஹைபோங் போன புதிதில் நீ என்னிடம் எவ்வளவு புலம்பினாய், ஞாபகம் இருக்கிறதா? "ரைஸ்னு சொல்லச் சொன்னா ரைன்றாங்கம்மா. ஹவுஸ்னா ஹவ்வு. வார்த்தையோட வாலையே முழுங்கிடறாங்க" என்றாய். அவர்கள் பாஷையில் சொல்லின் கடைசியில் 'ஸ்' வருவதே கிடையாது என்று நீயே பிறகு படித்துத் தெரிந்துகொண்டாய். நான் அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். முப்பது வருஷம் நான் பட்ட பாடு நேர் எதிர். நம் பிள்ளைகளுக்கு வால் பத்தாது, கூட ஒரு உகரம் ஒட்டிவிடுவார்கள். பஸ்ஸு, புக்கு, பெல்லு. முன்னால் வேறு ஒரு இகரம், இஸ்கூலு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது, நாக்குக்குப் பழக்கம் அப்படி. ராயபுரத்துப் பையன் ஒட்டுகிறதை அங்கே உள்ள பிள்ளை வெட்டுகிறது. ரெண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் சரியாகிவிடும் என்று நீ சொன்னதை நான் ஸ்டாஃப் ரூம் தோழிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்த முன்பெஞ்சுச் சின்னப் பெண், நாலு மாசம் வாயே திறக்காதவள், ஒரு நாள் வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து "ரைஸ்ஸ்ஸ்" என்று பாம்பு மாதிரிச் சீறிவிட்டு ஓடினாள் என்றாயே. அன்றைக்கு உன் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ. அந்தப் பிள்ளைகள் வாத்தியாரிடம் பேசும்போது தன்னை 'எம்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், அதற்குத் தம்பி, தங்கை என்று அர்த்தம் என்றும் சொன்னாய். நவம்பர் 20, அவர்கள் ஆசிரியர் தினத்துக்கு, கை கொள்ளாமல் பூவோடு நின்று போட்டோ அனுப்பினாய். அப்பா அதை இன்னும் போனின் முகப்பில் வைத்திருக்கிறார். அந்தத் தம்பி தங்கைகளிடம் சொல்லாமல் கிளம்பப் போகிறாயா?

உன்னைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இதுவரை உன்னிடமோ அக்காவிடமோ சொன்னதில்லை.

1999இல் உனக்கு ஒரு வயது. காசிமேட்டுப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் எனக்கு மூன்றாம் வகுப்பு. நாற்பத்திரண்டு பிள்ளைகள், பாதிக்கு மேல் கடலுக்குப் போகிற வீடு. விடியற்காலையில் அம்மாவோடு ஏலத்துக்குப் போய்விட்டு அப்படியே வருவார்கள், சட்டைக் காலரில் செதில் ஒட்டியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருத்தன் கண்ணும் திறந்திருக்காது. தூக்கத்தை விரட்டத்தான் கதை சொல்ல ஆரம்பித்தேன். புத்தகத்துக் கதை இல்லை, நானே கட்டியது. கட்டுமரத்தில் தனியாகப் போன ஒரு பையன் திசை தப்பிவிடுகிறான். தினம் பத்து நிமிஷம். சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்வேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை.

அந்த ஆகஸ்டில் வீட்டுக்கு இன்னும் பக்கமாக மாறுதல் வந்தது. கேட்டு வாங்கியது நான்தான். உன்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஆர்டர் வெள்ளிக்கிழமை மதியம் கைக்கு வந்தது. "சொன்னா அழுவானுங்க, சொல்லாம போயிடுங்க டீச்சர்" என்றார் பெரிய டீச்சர். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. மணி அடித்தபின் ஒருத்தன் டஸ்டரைச் சுவரில் தட்டிவிட்டுக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுப் போகவில்லை.

"டீச்சர், அவன் கரைக்கு வந்தானா?"

"திங்கக்கிழமை சொல்றேன்டா."

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். என் இடத்துக்கு வரப்போகிறவருக்கு ஒரு குறிப்பாவது எழுதி வைத்தேனா என்றால் அதுவும் இல்லை. யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யார் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது, எல்லாம் என் தலையிலேயே இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

2016இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வஞ்சிரம் வேண்டும் என்றார். காசிமேடு போனேன். வாங்கின மீனை வெட்டக் கொடுத்த இடத்தில், மரக்கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கினான், மறுபடி குனிந்துகொண்டான். குழம்புக்கா வறுவலுக்கா என்று மட்டும் கேட்டான். செதில் சீவினான், செவுளை எடுத்தான், நடுத்துண்டைத் தனியாக வைத்தான், தலையை ரெண்டாகப் பிளந்தான். எல்லாவற்றையும் கவரில் போட்டு என் கையில் கொடுத்தான். காசை நீட்டினால் வாங்கவில்லை. ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"டீச்சர், அவன் கரைக்கு வந்தானா?"

எனக்குக் கதை மறந்துவிட்டது தம்பி. பையன் பேர்கூட ஞாபகம் இல்லை, கதையில் வருகிறவன் பேரும் சரி, எதிரே உட்கார்ந்திருந்தவன் பேரும் சரி. "வந்துட்டான்டா" என்றேன். "எப்டி டீச்சர்?" என்றான். பின்னால் நாலு பேர் கவரோடு நின்றார்கள், அதைச் சாக்காக வைத்து நகர்ந்துவிட்டேன். இரண்டாவது தடவை. அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டேன், அப்பாவைக் கேள், சொல்வார்.

அதனால் சொல்கிறேன். சென்டரில் உட்கார்ந்து தெளிவாகப் பேசு. கடைசி நாளில் குண்டைப் போட்டால் பிள்ளைகள் மட்டும் இல்லை, அப்பா அம்மாக்களும்தான் கோபப்படுவார்கள் என்று எடுத்துச் சொல். புது வாத்தியார் யார் என்று முடிவாகிவிட்டால் அவரைக் கடைசி வாரம் இரண்டு வகுப்பு பின்னால் உட்காரச் சொல். உன்னோடு சிரித்துப் பேசுகிற ஆள் என்று பார்த்துவிட்டால் பிள்ளைகள் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தால் மீறச் சொல்லவில்லை, ஆனால் கேட்காமலே விட்டுவிடாதே. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதே. நம் வீட்டில் போகிறேன் என்று சொல்லக் கூடாது, போய்வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பாட்டி உன் வாயில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அது நம் வாசற்படிக்கு. திரும்பி வரப் போகாத வகுப்பறையில் நின்றுகொண்டு வருகிறேன் என்றால் பிள்ளை காத்திருக்கும்.

புதுப் பாடம் எதையும் இனி ஆரம்பிக்காதே. நாய்க்குட்டி தொலைந்துபோகிற ஒரு புத்தகத்தை வகுப்பில் வாசிக்கிறோம், மூன்று அத்தியாயம் மீதி என்றாயே, முதல் வேலையாக அதை முடி. போன வருஷம் முதல் மாசத்தில் அவர்கள் பேசியதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறாய் அல்லவா, போட்டுக் காட்டு. தன் பழைய குரலைத் தானே கேட்டுச் சிரிப்பதைவிடப் பெரிய ரிப்போர்ட் கார்டு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தப் பெண் 'ரை' என்று சொன்னது அதில் இருந்தால் நல்லது. பரிசு, சாக்லேட் என்று செலவு செய்யாதே. ஆளுக்கு ஒரு அட்டையில் அவரவரைப் பற்றி ஒரே ஒரு வரி, உன் கையால். தினம் ஐந்து பேருக்கு எழுதினால் வகுப்பு முடிந்துவிடும். புது வாத்தியாருக்குத் தனியாக ஒரு பக்கம்: யாரைக் கூப்பிட்டால் அழும், யாரைக் கூப்பிடாவிட்டால் அழும்.

நீ அனுப்பிய பள்ளிக்கூட வாசல் படத்தில் மரம் சிவந்து கிடந்தது. பார்த்தால் நம் குல்மோகர். ஹைபோங்குக்குச் செல்லப் பேரே அந்தப் பூவின் பேர்தான், அது பூத்தால் பள்ளிக்கூடம் முடியப்போகிறது, பிள்ளைகள் பிரியப்போகிறார்கள் என்று அர்த்தம், நோட்டில் வைத்து அழுத்திக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் தெருமுனையில் அதே மரம் அதே மாதிரி கொட்டுகிறது. நாம் அதை ஆட்டோ மேல் விழுகிற குப்பை என்று பெருக்கித் தள்ளுகிறோம்.

இனி உன் ஊர்சுற்றல். அப்பா முதலில் "வேலைய வுட்டுட்டு ஊர் சுத்துறதா?" என்று ரெண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் டைரியைத் திறந்து பார்த்தேன். ஹனோயிலிருந்து சைகோன் 1,726 கிலோமீட்டர், பிரெஞ்சுக்காரன் 1936இல் முடித்த பாதை, போரில் சிதைந்து 1976 கடைசியில்தான் மறுபடி முழுசாக ஓடியது என்று பத்தி பத்தியாகக் குறிப்பு. துறைமுகத்து ஆள், கப்பலைத் தவிர ஒன்றும் பேசாதவர். "1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் ரயில் நம்ம ராயபுரத்துலருந்து கெளம்புச்சு. அந்த ஊர்ல பொறந்துட்டு பிளேன்ல பறந்துபோனா நல்லாவா இருக்கும்?" என்கிறார். ரயிலில்தான் போகிறாய் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷம்.

டா நாங்கில் இறங்கினால் மி சோன் போகாமல் வராதே. எழுபது கிலோமீட்டர்தான். அந்தக் காலத்தில் அங்கே ஆண்ட சாம்பா ராஜாக்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்து சிவனுக்குக் கோவில் கட்டிய இடம். 1969இல் அமெரிக்கக் குண்டு விழுந்து பாதி போய்விட்டது, மீதியைத்தான் 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். காலையில் சீக்கிரம் போ, வெயில் தாங்காது. சைகோனில் மாரியம்மன் கோவில் இருக்கிறது, அந்தக் காலத்துத் தமிழ் வியாபாரிகள் கட்டியது. இப்போது அந்த ஊர்க்காரர்களே சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறார்களாம். என் பேரில் ஒரு கற்பூரம். அங்கோருக்கு மூன்று நாள் டிக்கெட் 62 டாலர், ஒரு நாள் 37. கணக்குப் போட்டால் மூன்று நாள்தான் லாபம், காலும் தப்பிக்கும்.

காகித வேலையை முடிக்காமல் ரயில் ஏறாதே. ஒப்பந்தம் முடிந்தால் வேலை அனுமதியும் தங்கும் அட்டையும் அதோடு போச்சு, எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று எழுத்தில் வாங்கு. அனுபவச் சான்றிதழில் முத்திரை இருக்கட்டும். போலீஸ் சான்றிதழுக்கு அங்கே இருக்கும்போதே விண்ணப்பித்துவிடு, நாளைக்கு வேறு நாட்டில் பாடம் எடுக்கப் போனால் கேட்பார்கள். வீட்டு அட்வான்ஸை நேரில் நின்று வாங்கு. பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அதைத் திருப்பி வாங்க நாய் மாதிரி அலைந்த ஊர்க்காரி சொல்கிறேன். அந்த ஊர்ப் பணம் டோங்கை அங்கேயே டாலராக மாற்றிவிடு. எல்லை தாண்டினால் அதைச் சீந்துவார் இல்லை, நம் பர்மா பஜாரில்கூட மாற்ற முடியாது. ஒன்றரைக் கோடி டோங்குக்கு மேல் கையில் இருந்தால் கிளம்பும்போது கணக்குக் காட்ட வேண்டும். ஒன்றரைக் கோடி என்றதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நம் பணத்தில் எவ்வளவு என்று சொன்னதும் படுத்துக்கொண்டார்.

இங்கே தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கிறது, மார்க்கெட்டும் அரை உயிராக இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன், அவன் உட்காருகிற கட்டை காலியாக இருந்தது. பக்கத்துக் கடையில் கேட்டேன், படகு ஓடினதும் வந்துவிடுவான் என்றார்கள். அதற்குள் கதையை முடித்தாக வேண்டும். கலங்கரை விளக்கம் தெரிந்தது, அதைப் பார்த்துத் துடுப்புப் போட்டு வந்தான் என்று வைத்துப் பார்த்தேன். மீன் வெட்டுகிறவன் அதை நம்பமாட்டான். நீரோட்டம், காற்று, ஏதாவது இருக்க வேண்டும். அப்பாவைக் கேட்டால் கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது என்கிறார். உனக்கு ஏதாவது தோன்றினால் ரயிலில் உட்கார்ந்து யோசித்து எழுது.

அன்புடன்,
அம்மா