"நீ இவனை விசாரித்துக்கொள்": பொது உதவி நிதிக்கு ஒரு வேண்டுகோள்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கும், கஷ்டப்படுகிறவர்கள் மேல் அக்கறையுள்ள நண்பர்கள் எல்லோருக்கும் உதவி நிதிக் குழுவின் வாழ்த்துகள்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். பல சபைகளைச் சேர்ந்த நாம் ஒன்றாக நடத்தும் பொது உதவி நிதிக்கு மாதந்தோறும் தவறாமல் வரும் காணிக்கை தேவைப்படுகிறது. ஒரே தடவையில் தரும் பெரிய தொகையையும் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஆனால் இந்தக் கடிதத்தில் நாங்கள் முக்கியமாகக் கேட்பது, சிறியதானாலும் நின்றுபோகாத தொகையைத்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்த அந்நியன் ஒருவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். அதைத் தன் சுவிசேஷத்தில் எழுதிய லூக்கா அதோடு நிறுத்தவில்லை. மறுநாள் புறப்படும்போது அவன் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்", அதாவது கவனித்துக்கொள், என்கிறான். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். ஒரு பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்ட வேலையாட்களின் உவமையில் பேசப்படும் கூலியும் அதுவே. ஆக, இரண்டு நாள் உழைப்பின் பலனை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதிக்கும் பொறுப்பேற்றுக்கொண்டு அவன் கிளம்பினான். அவனுக்கும் போகவேண்டிய பயணம் இருந்தது. அடிபட்டவன் எழுந்து நடக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தான் பக்கத்தில் இல்லாத நாட்களுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டுப் போனான்.

நம் நிதி அந்தச் சத்திரத்தின் வேலையைச் செய்கிறது.

ஒரு வீட்டில் விபத்தோ மரணமோ நடந்த வாரத்தில் உதவி ஓடி வருகிறது. சபையார் வருகிறார்கள், அக்கம்பக்கத்தார் வருகிறார்கள், கையில் இருப்பதைக் கொடுக்கிறார்கள், கூட உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். அந்த அன்புக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் மூன்றாவது மாதம் என்ன ஆகிறது? படுத்திருப்பவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. வாடகை இரண்டு தடவை தவறிவிட்டது. மருந்துச் சீட்டு மட்டும் நீண்டுகொண்டே போகிறது. பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் தணிந்த குரலில் பேச ஆரம்பித்திருப்பார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்ட ஆள் குறைவு. யாரும் இரக்கமற்றவர்கள் ஆகிவிடவில்லை. அவரவர்க்கு அவரவர் வாழ்க்கை இருக்கிறது, துயரம் பழையதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் குடும்பங்களுக்காகத்தான் நிதியின் பெரும்பகுதி செலவாகிறது. சம்பாதிப்பவர் எழுந்து நிற்கும்வரை வாடகை, நீண்டகாலச் சிகிச்சைக்கான மருந்து, கூடத் தங்கியிருப்பவரின் போக்குவரத்துச் செலவு, பள்ளிக் கட்டணம், பிழைப்பை மறுபடி தொடங்கக் கருவிகள். தனியாக வாழ்ந்து தனியாக இறந்துபோகிறவர்களை மரியாதையோடு அடக்கம் செய்யும் செலவும் இதில் உண்டு. அப்படிப்பட்டவருக்காகக் கேட்க யாருமே இல்லை என்பதால், அந்தச் செலவை ஒருபோதும் குறைப்பதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது.

இதெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் நாட்களில் பஞ்சம் வந்தபோது அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து, பர்னபா, சவுல் (பிற்பாடு பவுல்) கையில் யூதேயாவுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய கி.பி. 155-ல் ரோமில் எழுதிய கிறிஸ்தவ ஆசிரியர் யுஸ்தீன், ஞாயிறு ஆராதனையில் வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது கண்காணிப்பாளரிடம் சேர்ந்தது என்றும், அதிலிருந்து அனாதைகளும் விதவைகளும் நோயாளிகளும் சிறைப்பட்டவர்களும் அந்நியர்களும் ஆதரிக்கப்பட்டார்கள் என்றும் விவரிக்கிறார். அதற்குச் சுமார் நாற்பது ஆண்டுகள் கழித்து வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் சொல்வது எங்கள் வேண்டுகோளுக்கு இன்னும் நெருக்கமானது: மாதத்தில் ஒரு நாள், ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகை, விருப்பமும் வசதியும் இருந்தால் மட்டும், கட்டாயம் இல்லை. அந்தப் பணம் ஏழைகளைத் தாங்கவும் அடக்கம் செய்யவும், பெற்றோரில்லாத பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கும், கப்பல் சேதத்தில் எல்லாம் இழந்தவர்களுக்கும் போனது. பட்டியலைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே ஒரு வாரத்தில் தீராத கஷ்டங்கள்.

நல்ல மனம் மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும் என்பதை ஆதிச்சபையே அனுபவத்தில் கற்றது. எருசலேமில் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உதவிப் பங்கீட்டில், கிரேக்கு மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தது. அன்பு பொங்கிய காலம் அது. அப்போதும் சிலர் விடுபட்டார்கள். அப்போஸ்தலர்கள் கோபப்படவில்லை, மழுப்பவும் இல்லை. நற்சாட்சி பெற்ற ஏழுபேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவானும் பிலிப்பும் அந்த ஏழுபேரில் இருந்தவர்கள்.

சரி, பணம் எப்படிக் கையாளப்படுகிறது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் சேர்த்த பணத்தைப் பற்றி கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவர் எவ்வளவு கவனமாக இருக்கிறார் என்று பாருங்கள். தன் உடன் ஊழியனான தீத்துவோடு சபைகள் நியமித்த ஒரு சகோதரனையும், இன்னும் ஒருவரையும் கூட்டி அனுப்புகிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்லாமல் மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க நாடுகிறோம் என்கிறார். தன்மேல் யாரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக்கூடாது என்று அப்போஸ்தலனே நினைத்தால், நாங்கள் எம்மாத்திரம்? எனவே இரண்டு கையெழுத்து இல்லாமல் நிதியிலிருந்து எதுவும் வெளியே போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவு எல்லாச் சபைகளிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆண்டுக் கணக்கைக் குழுவில் இல்லாத ஒருவர் தணிக்கை செய்வார். குழுவில் யாருக்கும் சம்பளம் கிடையாது. குழுவில் ஒருவரின் உறவினர் விண்ணப்பம் வந்தால் அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பதும் விதி.

ஆனால் அந்தக் கணக்கில் உதவி பெற்றவர்களின் பெயர் இருக்காது. புகைப்படமும் எடுக்கமாட்டோம், மேடையில் நிறுத்தமாட்டோம். வலதுகை செய்வதை இடதுகை அறியவேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது கொடுப்பவரைப் பற்றி. வாங்குகிறவரின் மானமும் அதில் காக்கப்படுகிறது என்றே நாங்கள் நம்புகிறோம். ஒரு குடும்பம் தன் தேவையைச் சொல்ல வெட்கப்பட்டுக் கடைசிவரை மறைத்துவைப்பதற்கு, பிறகு எல்லோர் வாயிலும் விழுவோமே என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம்.

உதவி பெற நம் சபையில் அங்கத்தினராக இருக்கவேண்டுமா? வேண்டாம். கிறிஸ்தவராக இருக்கவேண்டுமா? அதுவும் வேண்டாம். உதவிக்குப் பதிலாக ஆராதனைக்கு வாருங்கள் என்று யாரிடமும் கேட்கமாட்டோம். இந்த விஷயத்தில் குழுவுக்குள் இரண்டு கருத்து இல்லை. சமாரியன் தூக்கிவிட்டது தன் இனத்தானை அல்லவே. கிறிஸ்தவர்களை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியன் 362-ல் கலாத்தியாவின் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொண்டான். எதிராளியின் வாயிலிருந்து வந்த அந்தச் சாட்சி இன்றைக்கும் நம்மைப் பற்றி உண்மையாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. பசியாயிருந்தேன், வியாதியாயிருந்தேன், காவலிலிருந்தேன் என்று மத்தேயு 25-ல் சொன்ன ராஜா, அவர்கள் எந்தச் சபை என்று அங்கே விசாரிக்கவில்லை.

இப்போது கைவசம் உள்ள நிலவரம். ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு இந்த ஆண்டு முடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். புதிதாக வரும் விண்ணப்பங்களுக்குக் கையிருப்பு போதாது. பாதியில் கைவிட நேருமோ என்ற தயக்கத்தால் சில குடும்பங்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறோம். அவர்களிடம் அப்படிச் சொல்வது எங்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மாதாமாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒரு குடும்பத்திடம் "ஆறு மாதத்துக்குக் கவலைப்படாதீர்கள்" என்று சொல்லமுடியும்.

எவ்வளவு தரலாம் என்று கேட்கிறவர்களுக்குத் தொகை எதையும் நாங்கள் குறிப்பிடப்போவதில்லை. ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று பவுல் எழுதியிருக்கிறார். அதே கொரிந்தியர் ஒரு வருஷத்துக்கு முன்பே ஆர்வமாகத் தொடங்கிய காரியம் முடியாமல் கிடந்ததால்தான் அந்த நிருபத்தில் அவர் நினைவூட்டவேண்டி வந்தது. ஆகவே கடன் வாங்கித் தராதீர்கள். வீட்டில் பேசி, நெருக்கடியான மாதத்திலும் தரமுடிகிற அளவை எழுதுங்கள். இடையில் முடியாமல் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பணம் தரமுடியாதவர்கள் வாரத்தில் ஒரு மதியத்தைத் தரலாம். மருத்துவமனைக்குத் துணையாகப் போக, விண்ணப்பங்களை நிரப்பிக்கொடுக்க, முதியவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். குடும்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் எப்போதும் இரண்டுபேராகவே போவார்கள், முதலில் பழக்கமுள்ள ஒருவரோடு அனுப்புவோம்.

காணிக்கை அட்டை உங்கள் சபைச் செயலரிடம் இருக்கிறது. நிரப்பி அவரிடமே கொடுங்கள், ரசீது வாங்க மறக்காதீர்கள். அப்புறம், இதைப் படிக்கிற நீங்களே இப்போது கஷ்டத்தில் இருந்தால், அட்டையை வைத்துவிட்டுக் குழுவில் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். இந்த நிதி உங்களுக்காகவும்தான்.

அன்புடன்,
பொது உதவி நிதிக் குழுவினர்