செயலாளரின் ஆண்டறிக்கை
குடியிருப்போர் நலச் சங்கம், நீலகிரி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, குடிநீர் மனுக்கள் நிலுவையில் உள்ளன. சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி குப்பைக் கிடங்குத் தீயைத் தடுப்பதற்கே போனது.

உறைபனியில் கருகிய புல், மார்ச் வரை ஒரு கங்குக்குக் காத்திருக்கிறது. விடுதி பாய்லர்களின் விறகுச் சாம்பல் மேலே வெளுத்துக் கிடந்தாலும் அடியில் கங்கு மறுநாளும் அணையாதிருக்கும். தகர டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, முழுக்க ஆறிய பிறகே குப்பை வண்டியில் ஏற்றுமாறு விடுதிகளுக்குச் சுற்றறிக்கை கொடுத்தோம். செல்போன் பேட்டரிகள் தனிப்பையில் வர வேண்டும். ஜேசிபி ஏறி நசுங்கினால் லித்தியம் பேட்டரி தானாகவே தீப்பற்றும். குப்பையை வெளியில் எரித்தால் ரூ.5,000, பெருமளவில் எரித்தால் ரூ.25,000 அபராதம் என்பது 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இட்ட உத்தரவு.

குளிர்காலக் காலையில் கிடங்கு புகைவதாக வரும் புகார்களில் பல வெறும் நீராவி. மட்கும் குப்பை உள்ளே 50 டிகிரிக்கு மேல் சூடாவது வழக்கம். வெயில் ஏறியதும் ஆவி மறையும். நண்பகலிலும் நீலம் பாய்ந்த புகை, பிளாஸ்டிக் தீயும் நெடி, திடீரெனக் குப்பை மேடு உள்வாங்குதல் ஆகியவை அடித்தீயின், அதாவது குப்பைக்குள் மறைந்து கனலும் தீயின், அறிகுறிகள். உடனே 101-க்குச் சொல்லுங்கள். மேட்டின் மீது ஏறாதீர்கள். அடியில் எரிந்து பொந்தாகியிருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத் துணி முகக்கவசம் தடுக்காது.

மேலிருந்து டேங்கர் தண்ணீரைக் கொட்டுவதில் பயன் குறைவு. அது இடுக்கு கண்ட வழியே இறங்கி, கருங்கழிவாக ஓடையில் கலக்கும்; கங்கு நனையாது. காற்று வரும் பக்கமிருந்து பொக்லைனால் சிறிது சிறிதாக அள்ளி, சமதளத்தில் ஓரடி கனத்துக்குப் பரப்பி, நனைத்து, புரட்டி, மீண்டும் நனைக்க வேண்டும். கிளறும்போது காற்றுப் பட்டுச் சுவாலை எழும் என்பதால் குழாய் தயாராகப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்திலும் பொக்லைனால் கிளறித் தண்ணீர் பாய்ச்சித்தான் அணைத்தார்கள். அதற்கே பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. ஆறிய குப்பையை அழுத்தி, ஓரடிக்குக் குறையாமல் மண் மூட வேண்டும். கீழ்ச்சரிவில் வரப்பு கட்டிக் கழிவுநீரைத் தேக்குவது முதல் வேலை, கடைசி வேலை அல்ல.

நம் சரிவில் மூடிய மண்ணை மழை அரித்து, வெடிப்பு வழியே காற்றை உள்ளே விடுகிறது. மண் வாங்கக் காசில்லை. மழைக்காலத்தில் சாலைகளில் சரிந்து அகற்றப்படும் மண்ணைக் கிடங்கருகே குவித்து வைக்கக் கோரும் தீர்மானத்தை இக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.