முற்பணம் வாங்கியவருக்கு வீடு விற்பதில் என்ன அவசரம்?

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் சில வாரங்களாக அரைப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. தரகர் தொல்லை இல்லை, நூற்றுக்கு மூன்று கொடுக்கத் தேவையில்லை, இருந்த இடத்திலிருந்தே வீட்டை விற்கலாம் என்று இணையவழித் தரகு நிறுவனங்கள் அழைக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எனக்குச் சீதனமாக வந்த வீட்டை விற்றுவிட்டு, தங்கையின் வளவுக்குப் பக்கத்தில் சிறிதாக ஒன்று வாங்க நாங்கள் எண்ணியிருந்த வேளையில் இவை கண்ணில் பட்டன. நான் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இலக்கத்தைக் கண்டால் பேனையை எடுக்காமல் இருக்க என்னால் முடியாது.

ஒன்றரைக் கோடி ரூபாய்க்குப் போகும் வீட்டுக்கு நூற்றுக்கு மூன்று என்றால் தரகு நாலரை இலட்சம். நான் முதலில் விசாரித்த இணைய நிறுவனம் கேட்டது 60 ஆயிரம். கிட்டத்தட்ட நான்கு இலட்சம் மிச்சம் என்று எவருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த 60 ஆயிரத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பி வராது. மூன்று மாதம் கழிந்தால் மறுபடியும் அதே தொகையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட விளம்பரத்தில் இல்லை, கேட்ட பிறகுதான் சொன்னார்கள். சைக்கிளில் கொப்பியோடு வரும் எங்கள் ஊர்த் தரகர் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறார் என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோம், அது நியாயமான குறைதான். என்றாலும் உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதி முடியும் வரை அவருடைய பை வெறும் பைதான். காசு முழுவதையும் முதல் நாளே வாங்கியவருக்கு என் வீடு விலைபோவதில் என்ன அவசரம் இருக்கப்போகிறது?

தொலைபேசியில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். "வீடு பார்க்க ஆட்கள் வந்தால் உங்கள் பக்கத்திலிருந்து யார் வருவீர்கள் தம்பி?" என்று கேட்டேன். "அதற்கு வேறு பக்கேஜ் இருக்கிறது ரீச்சர்" என்றார். விலை பேசித் தருவீர்களா என்று கேட்டேன். அது அதற்கும் மேலே உள்ள பக்கேஜாம். ஆக, அந்த 60 ஆயிரம் படமெடுத்து இணையத்தில் போடுவதற்கு மட்டும். ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன். ஆங்கிலத்தில் வந்தது, தமிழில் இல்லையாம். நல்ல காலம், எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். ஏழாம் பந்தியில் இப்படி ஒரு நிபந்தனை இருந்தது: ஒப்பந்தக் காலத்துக்குள் வீடு எந்த வழியில் கைமாறினாலும், நிறுவனத்துக்கு விலையில் நூற்றுக்கு ஒன்று மேலதிகமாகச் சேரும். அடுத்த வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டு வாங்கினாலும், என் சொந்தத் தம்பியே வாங்கினாலும் இவர்களுக்குத் தரகு. நான் ஒப்பமிடவில்லை.

லண்டனில் இருக்கும் என் மகள் இந்த முற்கட்டண முறை அங்கே பழையது என்கிறாள். அங்கே தரகர் என்ன கட்டணம், எந்தச் சந்தர்ப்பத்தில் அது சேரும் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். 1979ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. வீட்டுத் தரகு நிறுவனம் ஒவ்வொன்றும் வாடிக்கையாளரின் முறைப்பாட்டை விசாரிக்கும் அமைப்பொன்றில் சேர்ந்திருக்கவும் வேண்டும். அப்படி இருந்தும், முற்கட்டண முறையால் பெயரெடுத்த பேர்ப்பிள்பிரிக்ஸ் நிறுவனம் 2023இல் ஒரே ஒரு பவுணுக்கு வேறொரு நிறுவனத்திடம் கைமாறியது. அங்கிருந்து விளம்பர வாசகத்தை இறக்குமதி செய்தவர்கள் எழுத்தில் கொடுக்கும் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்திருக்கலாம்.

இனி அவர்களுடைய படிவம். இணையத்தில் நிரப்பச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குளியலறை எத்தனை, குளிரூட்டி உண்டா, நீச்சல் தடாகம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தது. எங்கள் காணி இரண்டரைப் பரப்பு, படிவம் பேர்ச்சில் கேட்டதால் 25 என்று போட்டேன், அதில் சிக்கல் இல்லை. கிணற்றைப் பற்றித்தான் ஒரு வரியும் இல்லை. எங்கள் கிணறு பக்கத்து வளவோடு பொது. என் உறுதியில் "கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்காலும்" என்று எழுதியிருக்கிறது. அந்த அரைப்பங்குக்குப் போகும் பாதை இரு வேலிக்கும் இடையில் ஓர் ஆள் வாளியோடு போகும் அகலம். மோட்டர் பூட்டியிருக்கிறதா, குழாய் யாருடைய நிலத்தால் போகிறது, இரு வீட்டாரும் ஒரே நேரத்தில் இறைத்தால் தண்ணீர் அடியோடு போகிறதா என்றுதான் இங்கே வீடு வாங்க வருகிறவர் முதலில் கேட்பார். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு தண்ணீரை அள்ளி மணந்து பார்க்காமல் போகிறவர் குறைவு. இதை எங்கே எழுதுவது என்று கேட்டதற்கு "பிற விபரங்கள்" என்ற பெட்டியைக் காட்டினார்கள். அதில் இடம் போதவில்லை.

எங்கள் வீட்டை அந்த நிறுவனத்திடம் கொடுக்காவிட்டாலும், முன்பு மகன் இலவசத் தளமொன்றில் போட்ட விளம்பரம் ஒன்று இருந்தது. பார்த்தவர் தொகை நாளுக்கு நாள் ஏறியது. அழைப்புகளில் பாதி ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வந்தன. "அது எங்கள் பெரியம்மா இருந்த ஒழுங்கைதானே, முகப்பில் நின்ற மாமரம் இன்னும் நிற்கிறதா?" என்று ஒரு தம்பி வெகுநேரம் கதைத்தார். நல்ல கதைதான், ஆனால் அவர் வாங்க முடியாதவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்க இயலாது. இலங்கைப் பிரசாவுரிமையைக் கைவிட்டவர் இரட்டைப் பிரசாவுரிமை எடுத்திருந்தால்தான் விதிவிலக்கு. நிறுவனங்கள் "ஆயிரக்கணக்கானோர் பார்வையிட்டனர்" என்று காட்டும்போது அதில் சட்டப்படி வாங்கக்கூடியவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அழைக்கிறவரிடம் அதை முதலிலேயே விசாரித்துச் சலித்துத் தருவதுதான் தரகு வேலை. படம் போடுவது அதற்கு முந்திய வேலை.

விற்கிறவரையும் விசாரிக்க வேண்டும். உறுதி யார் பெயரில் என்று அந்த நிறுவனம் என்னிடம் கேட்கவேயில்லை. யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகளும் வழியுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண், சீதனமாக வந்த தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். (இந்தச் சட்டத்தைப் பற்றிய என் அபிப்பிராயத்தை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன், அதற்கு இந்த இடம் போதாது.) என் கணவர் முன்விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார், ஒப்பம் வாங்கிவிடலாம். கணவர் கடல் கடந்து இருக்கும் வீடுகளில் இது கடைசிக் கிழமையில் தெரிய வந்தால் வாங்க வந்தவர் கையை உதறிவிட்டுப் போவார். பிரிபடாத பங்குக் காணியென்றால் 1947ஆம் ஆண்டின் முன்கொள்வனவுச் சட்டப்படி பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு இதையெல்லாம் பார்ப்பார்தான். ஆனால் நாம் நொத்தாரிசிடம் போவது விலை பேசி முடிந்த பிறகு.

விலையைப் பற்றியும் ஒரு கணக்கு. வாங்குகிறவர் கட்டும் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4. ஒன்றரைக் கோடிக்கு அது 5 இலட்சத்து 99 ஆயிரம். அவர் அந்தப் பாரத்தை எங்கள் விலையில் குறைக்கத்தான் பார்ப்பார். பக்கத்தில் நின்று "இதற்குக் கீழே இல்லை" என்று சொல்ல ஆளில்லாமல் ஐந்து இலட்சம் இறங்கிக் கொடுத்தால், தரகில் மிச்சம் பிடித்த நான்கு இலட்சத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இணையவழித் தரகே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறொரு சிறிய நிறுவனத்திடம் கொடுத்தோம். படமெடுக்கப் பத்தாயிரம், உறுதி முடியும் நாளில் நூற்றுக்கு ஒன்று, வீடு பார்க்க வருகிறவர்களோடு அவர்களுடைய ஆள் ஒருவர் வருவார், நாங்களே ஆள் பிடித்தால் அவர்களுக்கு எதுவும் இல்லை. இரண்டு பக்கத் தாளில் தமிழில் எழுதி ஒப்பமிட்டோம். முதலில் அவர்கள் எடுத்த படத்தில் எங்கள் பத்துக்குப் பத்து அறை கல்யாண மண்டபம் போல விரிந்து கிடந்தது. மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். கிணற்றையும் படமெடுத்துப் போடச் செய்தேன். விலை பேசி முடித்திருப்பவர்கள் வவுனியாவிலிருந்து வேலை மாற்றத்தில் வந்த தம்பதியர். எங்கள் சைக்கிள் தரகரின் கொப்பியில் அவர்கள் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டார்கள்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இந்த விளம்பரங்களை ஏற்கும்போது கட்டணம் எவ்வளவு, அதை எப்போது கட்ட வேண்டும், வீடு விற்காவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்ற மூன்று விபரங்களையும் விளம்பரத்திலேயே அச்சிடும்படி கேளுங்கள். ஒரு வரிக்குள் அடங்கும். நான் ஒப்பமிடாத அந்த ஆங்கில ஒப்பந்தத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. உங்கள் நிருபர் யாராவது இதைப் பற்றி எழுத விரும்பினால், நிறுவனத்தின் பெயரை மறைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியை,
கொக்குவில்.